ஹார்வியின் மேல் வெயில் படக்கூடாது

நடீன்: வந்து இறங்கினதெல்லாம் சரி… அந்தப் போர்வைய எடுத்தா என்ன, அவன் குறைஞ்சா போயிடுவான்?

வெர்னன்: கை! கைய எடு நடீன்!

நடீன்: அடேயப்பா… இன்னும் தொடவே இல்லையே.

வெர்னன்: தொடறதுக்கு முன்னாடி சொன்னாத்தான் பிரயோஜனம். உச்சி வெயிலு. அக்டோபர் கடைசின்னு பேரு, இந்த டூசான் ஊரு இன்னும் அடுப்பு மாதிரி கொதிக்குது. இதுல ரப்பர் தோலத் தொறந்து காட்டுங்கற… நீயா சொல்ற இத?

நடீன்: ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு மூடிடப் போறேன். எத்தன வருஷமாச்சு அவன் மூஞ்சியப் பாத்து!

வெர்னன்: என் மூஞ்சியப் பாத்தும் அத்தன வருஷம்தான் ஆச்சு. அதப் பத்தி ஒரு வார்த்தை…

நடீன்: உன் மூஞ்சிய நீ தாராளமா வெயில்ல வையி. எனக்கு ஆட்சேபணை இல்ல.

வெர்னன்: ஆரம்பிச்சுட்டியா? பொண்ணு கல்யாணத்தன்னைக்காவது…

நடீன்: பொண்ணு கல்யாணம்கிறதாலதான் இவ்வளவு மெதுவாப் பேசறேன். வழியில ஹார்விக்கு ஒண்ணும் ஆகலையே? யூமாலேர்ந்து திறந்த வண்டில படுத்துட்டு வந்திருக்கான்…

வெர்னன்: போர்வைக்கு மேல போர்வை, அதுக்கு மேல தார்ப்பாய். ராஜா மாதிரி வந்தான். நான்தான் ஏசி இல்லாம வெந்தேன்.

நடீன்: சரி, கார் கொட்டகைக்குள்ள தள்ளு முதல்ல. அங்க நிழல் இருக்கு. தள்ளும்போது முதுகப் பாத்து… ஏய், வளையாத, முட்டிய மடக்கு!

வெர்னன்: தெரியும்… தெரியும்… அப்பாடா. இவன் மட்டும் நெஜ ரத்தமும் சதையுமா இருந்தான்னா ஊரே தாங்காது.

நடீன்: வா, இந்தப் பக்கம் வா. நீ விட்டுட்டுப் போன ஆளுங்களப் பாக்க வேணாமா?

வெர்னன்: விட்டுட்டுப் போகல. பாதிப் பாதி பங்கு பிரிச்சோம். விவாகரத்து வக்கீல் முன்னாடி. அந்த வக்கீல் "ஓநாய் மனுஷன் யாருக்கு, சூனியக்காரி யாருக்கு"ன்னு கேட்டுட்டுத் தலையில கை வச்சுக்கிட்டாரே… அடடா! வரிசையா நிக்குதுங்களே! பெர்த்தா! கிழவி, உனக்கு ஒரு சுருக்கம் கூடக் கூடலையே!

நடீன்: அவளுக்கு இருக்கிற சுருக்கமெல்லாம் நாம வச்சது. வெயில் வச்சது ஒண்ணு இருந்தாக் காட்டு பாக்கலாம். கன்னத்த அழுத்து. அட, பயப்படாம அழுத்து.

வெர்னன்: உள்ள போயி… திரும்பி வருது. நேத்து அச்சுலேர்ந்து உரிச்ச மாதிரி இருக்கு.

நடீன்: நம்ம பொண்ணு கெல்சி நடக்கப் பழகறதுக்கு முன்னாடி பொறந்தவ இவ. இந்த ஊர்ல, இந்த வெயில்ல, லேடெக்ஸ் ரப்பர் பொம்மைன்னா ரெண்டு கோடை தாங்கினாப் பெரிசு. நம்ம தெருவுல போயிப் பாரு. ஹாலோவீன் பேய்த் திருவிழான்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் பேய் பல்லிளிச்சுக்கிட்டு நிக்கும், பாதிப் பேய்க்கு மூக்கு இருக்காது.

வெர்னன்: வருஷம் பூரா எங்க வைக்கிற இவங்கள? கார் கொட்டகைலயா?

நடீன்: கொட்டகையா! அங்க வச்சா வேக வச்ச முட்டைதான். வீட்டுக்குள்ளயே இருட்டா, குளிர்ச்சியா இருக்கிற ஒரே இடம் என் படுக்கையறை. பெர்த்தா கட்டில்ல நீ படுத்த பக்கம் படுத்துக்குவா.

வெர்னன்: என் இடத்துல சூனியக்காரியா!

நடீன்: அவ குறட்டை விடறதில்ல.

வெர்னன்: ஹும்… தொங்க விட்டு வைக்கிறதில்லையா?

நடீன்: தொங்க விட்டா கழுத்து நீண்டு கொக்கு மாதிரி ஆயிடாதா? படுக்க வச்சு, தலைக்குள்ள துணி அடைச்சு, மூஞ்சிக்கு டால்கம் பவுடர் போட்டு, மேல கருப்புப் பருத்தித் துணி. வசந்தத்துல ஒரு தடவ, ஹாலோவீனுக்கு முன்னாடி ஒரு தடவ வெயில் காப்பு ஸ்ப்ரே. பகல்ல ஜன்னல் திரை திறக்கவே மாட்டேன்.

வெர்னன்: என்னை ஒரு நாளாவது இப்படிப் பாத்துக்கிட்டியா நீ?

நடீன்: நீ வெடிச்சுப் போற ரகம் இல்லையே. வெடிக்க வைக்கிற ரகம்.

வெர்னன்: ஹஹ… அது சரி. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. இவங்கள்லாம் நல்லாத்தான் இருக்காங்க. இருந்தாலும் ஹார்வி மாதிரி ஆகுமா? அது என் முதல் பூதம். என் கை. அந்த மூஞ்சிய இன்னொருத்தன் செஞ்சுட முடியுமா?

நடீன்: காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

வெர்னன்: பொன்தான்! பொன்னப் பொன்னுன்னு சொன்னா என்ன தப்பு?

நடீன்: சொல்லு, சொல்லு. நான் எப்பவாவது இல்லன்னு சொல்லியிருக்கேனா?

கெல்சி: அப்பா!

வெர்னன்: வந்துட்டா என் ராசாத்தி! இது என்னம்மா தலை பூரா குழாய் குழாயா?

கெல்சி: முடிய சுருட்டி விடறாங்கப்பா. கட்டிப் பிடிக்காத, கலைஞ்சிடும்… சரி, ஒரு பக்கமாப் பிடிச்சுக்கோ. ஹார்வி எங்க?

வெர்னன்: தூங்கறான்.

கெல்சி: எழுப்பு.

வெர்னன்: வெயில் கொஞ்சம் இறங்கட்டும்மா…

கெல்சி: வெயில் இறங்கறதுக்குள்ள கல்யாணமே முடிஞ்சிடும்பா! மூணு மணிக்கு நானும் டெவினும் மோதிரம் மாத்தறோம். சாயங்காலமானா தெருப் பிள்ளைங்க மிட்டாய் கேட்டு வந்துடும், அதுக்குள்ள எல்லாம் முடியணும். அம்மா, அப்பா என்ன இப்படிப் பண்றாரு?

நடீன்: என்னைக் கேக்காத. போர்வை நுனியத் தொடப் போனதுக்கே போலீஸ்காரர் மாதிரி கத்தினாரு உங்கப்பா.

கெல்சி: டெவின் வீட்டுக்காரங்க ஓஹயோலேர்ந்து வந்து இறங்கியாச்சு. "நெஜமாவே பூதத்துக்கு முன்னாடியா நிக்கப் போறீங்க"ன்னு ஒவ்வொருத்தரா கேக்கறாங்க. ஆமான்னு சொல்லியிருக்கேன். ஹார்வி அங்க நிக்கணும், அந்தப் பூ வளைவுக்குப் பக்கத்துல. பின்னாடி மலை. முழு வெளிச்சத்துல.

வெர்னன்: அங்கயா! மேக்க பாத்தா! மூணு மணிக்குச் சூரியன் நேரா அவன் மூக்கு மேலல்ல வந்து உக்காரும்! கெல்சிம்மா, வளைவ இந்தப் பக்கமாத் திருப்பிக்கலாம், கொட்டகை ஓரமா…

கெல்சி: கொட்டகை ஓரமா குப்பைத் தொட்டி இருக்கு. குப்பைத் தொட்டிக்கு முன்னாடி நான் கல்யாணம் பண்ணிக்கணுமா?

நடீன்: அவ சொல்றது நியாயம்தானே?

வெர்னன்: நியாயம்தான்… ஆனா விளக்கு வெளிச்சத்துல நிக்க வேண்டியவனப் பகல்ல கொண்டு போயி…

கெல்சி: அப்பா. விளக்கு வெளிச்சத்துல எல்லார் வீட்டுப் பூதமும் நல்லாத்தான் இருக்கும். பகல்ல கிட்ட வச்சுக் காட்ட முடியற பூதம் இந்த ஊர்ல எங்க வீட்டுல மட்டும்தான். சின்ன வயசுல பஸ்ல என்னைப் "பேய் வீட்டுப் பொண்ணு"ன்னு கூப்பிடுவாங்களே, ஞாபகம் இருக்கா?

வெர்னன்: இருக்கு. அந்த டிரைவர்கிட்டப் போயி நான் சண்டை போட்டேன்.

கெல்சி: எதுக்குச் சண்டை போட்ட? நான் அழுதேனா? எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? ஹாலோவீன் அன்னைக்கு எல்லாப் பிள்ளைங்களும் நம்ம வேலியத் தாண்ட முடியாம அலறும். நான் மட்டும் உள்ள, ஹார்வியோட கட்டை விரலப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். "பயப்படாதீங்க, இவன் எங்க ஆளு"ன்னு சொல்லுவேன். இன்னைக்கும் அதத்தான் சொல்லப் போறேன். ஓஹயோகிட்ட.

வெர்னன்: இந்த… இந்தப் போர்வை நுனி பறக்குது, சொருகிடறேன்…

கெல்சி: என்னப்பா, கண்ணு கலங்குது?

வெர்னன்: வெயிலு.

கெல்சி: நான் தலைய முடிச்சுட்டு வரேன். வந்ததும் போர்வைய நானே உருவுவேன். சொல்லிட்டேன்.

நடீன்: …போயிட்டா. இப்பச் சொல்லு.

வெர்னன்: என்னத்த?

நடீன்: முழுப் பூசணிக்காய வாசல் பூரா அடுக்கி வச்சிருக்கேன். அதுல ஒண்ண மறைக்கக்கூட உனக்குச் சாமர்த்தியம் பத்தாது. ஹார்விக்கு என்ன ஆச்சு?

வெர்னன்: ஒண்ணும் ஆகல.

நடீன்: வெர்னன்.

வெர்னன்: ஒண்ணும் ஆக… நடீன், கொஞ்சம் ஐஸ் டீ இருக்குமா?

நடீன்: சொன்னப்புறம் தரேன்.

வெர்னன்: …யூமால நான் இருக்கிற வீட்டுக்கு முன்வாசல் மேக்க பாத்தது. போன புதுசுல அவன அங்க ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சேன். வேலைலேர்ந்து திரும்பி வந்தா வாசல்ல யாராவது இருக்கணும் போல இருந்துச்சு…

நடீன்: நிழல்லதானே?

வெர்னன்: காலைல நிழல்.

நடீன்: மத்தியானம்?

வெர்னன்: மத்தியானம்… வெயிலு.

நடீன்: நீ! பெர்த்தாவ ஒரு நாள் ஜன்னலோரம் வச்சதுக்கு என்னோட ரெண்டு நாள் பேசாம இருந்த ஆளு நீ!

வெர்னன்: தெரியும். எல்லாம் தெரியும். ஒரு வாரம் இருக்கட்டும்னுதான் நெனச்சேன். அப்புறம் தெருப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறப்போ அவனுக்குக் கை காட்டிட்டுப் போக ஆரம்பிச்சுதுங்க. "குட் மார்னிங் ஹார்வி"ன்னு. உள்ள எடுத்து வைக்க மனசு வரல. முதல்ல நிறம் வெளுத்துச்சு. வர்ணம்தானே, பூசிக்கலாம்னு விட்டேன். அப்புறம் இடது கன்னத்துல கோடு கோடா… வத்தின ஏரி மாதிரி.

நடீன்: அப்பவாவது உள்ள எடுத்தியா?

வெர்னன்: எடுத்தேன். எடுத்து… எண்ணெய் தடவினேன்.

நடீன்: என்ன எண்ணெய்?

வெர்னன்: வண்டிக்குப் போடறது.

நடீன்: ரப்பருக்கு! எண்ணெயா! எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிக் கரையும்னு பச்சக் குழந்தைக்குத் தெரியுமே…

வெர்னன்: காஞ்சு போச்சே, கொஞ்சம் பசை குடுப்போம்னு… மூளையே வேலை செய்யல நடீன். ஆஸ்பத்திரில நெருங்கின சொந்தம் கிடந்தா மனுஷன் கண்டதையும் செய்வானே, அந்த மாதிரி. கன்னம் பிசினா ஒழுகிடுச்சு. நிமித்தி வைக்கலாம்னு காதப் பிடிச்சேன். காது என் கையோட வந்துடுச்சு.

நடீன்: அப்ப… இந்தப் போர்வைக்குள்ள இருக்கிறது யாரு?

வெர்னன்: எடு. நீயே எடுத்துப் பாரு. இங்க நிழல்தானே.

நடீன்: …

வெர்னன்: ஏதாவது சொல்லு. நீ பேசாம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. திட்டறதுன்னா திட்டிடு.

நடீன்: வாய மூடு. பாத்துக்கிட்டு இருக்கேன். இமையோரத்துல இந்த மடிப்பு… கீழ் உதட்டுல பல் பதிஞ்ச குழி… நெத்தி நரம்பு. இத எதப் பாத்துச் செஞ்ச?

வெர்னன்: போட்டோ வச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சேன். ஆனா போட்டோல காதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாதே. கைக்குத்தான் தெரிஞ்சுது. வருஷா வருஷம் அந்த மூஞ்சியத் தொடச்சு, பவுடர் போட்டு, மூடி வச்ச கை. போன குளிர்காலம் பூரா சாப்பாட்டு மேஜை மேல களிமண் மலைதான். நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். நாலஞ்சு தடவ முழுசாச் செஞ்சு முழுசாக் கலைச்சேன். எல்லாம் சரியா இருக்கும், ஆனா கோவமா இருப்பான். ஹார்வி கோவக்காரன் இல்லையே.

நடீன்: இல்ல.

வெர்னன்: பயமுறுத்திட்டு, அடுத்த நொடி தானே சிரிச்சிடப் போற மூஞ்சி. அது வர்ற வரைக்கும் விடல.

நடீன்: வந்திருக்கு.

வெர்னன்: நெஜமாவா?

நடீன்: தோலத் தொடலாமா?

வெர்னன்: தாராளமா! இழு, நல்லா இழு. வர்ணத்த மேல பூசினா வெயில்ல உரிஞ்சிடும்னு, ரப்பர் பால்லயே கலந்து கலந்து ஊத்தினேன். ஒவ்வொரு பூச்சும் காயற வரைக்கும் காத்திருந்து அடுத்தது. உள்பக்கம் துணி ஒட்டியிருக்கேன். மேல வெயில் காப்பு. கண்ணாடி மாதிரி இறுகறது இல்ல, தோலோட சேந்து வளையறது. மண்டைக்குள்ள சூடு தங்காம இருக்க முடிக்குள்ள காத்து ஓட்டை. இங்க பாரு, விரல விட்டுப் பாரு.

நடீன்: ஓட்டையே தெரியல…

வெர்னன்: தெரியக்கூடாதுல்ல!

நடீன்: நல்ல வேலை வெர்னன்.

வெர்னன்: என்ன சொன்ன?

நடீன்: ஒரு தடவதான் சொல்லுவேன்.

வெர்னன்: காதுல சரியா விழல…

நடீன்: விழுந்துச்சு. பல்ல மூடு. இந்தா, ஐஸ் டீ.

வெர்னன்: கெல்சிகிட்டச் சொல்லிடாத நடீன். கெஞ்சிக் கேக்கறேன். அவ என்ன சொன்னா கேட்டல்ல? அவ பிடிச்சுக்கிட்டு நின்ன விரல் இது இல்ல. அது யூமால, குப்பை வண்டில போயிடுச்சு. கல்யாணத்தன்னைக்கு என் பொண்ணுக்குப் போலிய கொண்டாந்து நிறுத்தறேன்…

நடீன்: போலின்னு எவன் சொன்னான்? குடிச்சு முடி. வேலை கிடக்கு.

வெர்னன்: என்ன வேலை?

நடீன்: அவ கேட்ட இடத்துலதான் இவன் நிக்கப் போறான். மலைக்கு முன்னாடி. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சவனக் குப்பைத் தொட்டிகிட்ட நிறுத்தவா? செடிக்குப் போடற நிழல் வலை என்கிட்ட ஒரு சுருள் இருக்கு. கொட்டகைத் தூண்ல ஒரு முனை, மெஸ்கீட் மரத்துல ஒரு முனை.

வெர்னன்: கருப்பு வலையா? கல்யாணத்துலயா?

நடீன்: ஹாலோவீன்ல கருப்பு கட்டாம எப்பக் கட்டறது? அதுக்கு அடியில வெள்ளைத் துணி. கொஞ்சம் சாய்ச்சுக் கட்டினா வெயில் மறையும், மலை மறையாது. ஏணியப் பிடி.

வெர்னன்: நான் ஏறறேன்.

நடீன்: உன் முதுக வச்சுக்கிட்டா? பிடின்னு சொன்னா பிடி… இன்னும் இழு. இன்னும்… விட்டுடாத!

வெர்னன்: விடல. மேக்குப் பக்கம் தாழ்த்திக் கட்டு. சூரியன் அந்தப் பக்கம் இறங்கறப்போ அடியில நுழையும்.

நடீன்: அது எனக்குத் தெரியாதாக்கும்… சரி, தாழ்த்தறேன். இப்ப?

வெர்னன்: இன்னும் ஒரு சாண்… போதும்! போதும். நிழல் நேரா வளைவு மேல விழுது பாரு. நாற்காலி முன் வரிசை வரைக்கும் வருது. பூதத்துக்குன்னு கட்டினோம், சம்பந்தி வீட்டுக்கும் சேத்துப் பந்தலாயிடுச்சு!

நடீன்: ஓஹயோக்காரங்க வெந்து போகாம இருப்பாங்க. இப்ப இவனத் தூக்கணும். கொட்டகைலேர்ந்து அங்க வரைக்கும் வெட்ட வெளி. போர்வையச் சுத்து.

வெர்னன்: ஒண்ணு… ரெண்டு… தூக்கு! ஐயோ, நீ முன்னாடி போ, நான் பின்னாடி…

நடீன்: மெதுவா! கால் தட்டுது! எதிர் வீட்டுக்காரன் வேற வேலி மேல சாஞ்சுக்கிட்டு வேடிக்கை பாக்கறான்.

வெர்னன்: பாக்கட்டும்! நல்லாப் பாக்கட்டும்! ஓய், நீங்க சுவத்துல மாட்டியிருக்கிறதுக்குப் பேரு பூதமில்ல சார், பலூன்!

நடீன்: கத்தாம நட… காத்து! வெர்னன், காத்து வருது! போர்வை!

வெர்னன்: பறந்துடுச்சு! தலை! தலைல வெயில் அடிக்குது! நான் ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன், ஏதாவது மூடு, ஏதாவது…

நடீன்: இந்தா! போட்டாச்சு. நட, நட, நட!

வெர்னன்: நிழல்… வந்தாச்சு. இறக்கு. மெதுவா… அப்பாடா. ஒரு கீறல் இல்ல. நடீன்… அவன் தலைல என்ன அது?

நடீன்: என் தொப்பி.

வெர்னன்: பொண்ணோட அம்மாவுக்குன்னு வாங்கின தொப்பியா? பூ வச்சு, இவ்வளவு அகல விளிம்போட…

நடீன்: கைல கிடைச்சது அதுதான். எடுத்துடறேன் இரு.

கெல்சி: எடுக்காதம்மா!

வெர்னன்: கெல்சி! நீ… ஐயோ… நீ இவ்வளவு அழகா இருக்கியேம்மா.

கெல்சி: அப்படியே விடு. தொப்பி அவனுக்குத்தான் பொருத்தமா இருக்கு. எல்லாரும் தள்ளுங்க, நான் பாக்கணும்… ஹார்வி. ஹலோ ஹார்வி. கட்டை விரல் எங்க… இதோ.

வெர்னன்: கை… கை கொஞ்சம் கெட்டியா இருக்கும்மா. வயசாச்சுல்ல…

நடீன்: கெல்சி, கண்ணுல மை கலையுது.

கெல்சி: கலையட்டும். நல்லா செஞ்சிருக்கப்பா. ரொம்ப ரொம்ப நல்லா செஞ்சிருக்க. டெவின் அம்மா காரை நிறுத்திட்டாங்க, நான் போயிக் கூட்டிட்டு வரேன். இவன அவங்களுக்கு நான்தான் காட்டுவேன், நீங்க யாரும் முந்திக்காதீங்க!

வெர்னன்: …நடீன்.

நடீன்: ம்?

வெர்னன்: அவ என்ன சொன்னா? "வச்சிருக்க"ன்னா, "செஞ்சிருக்க"ன்னா?

நடீன்: செஞ்சிருக்கன்னு.

வெர்னன்: நீ சொல்லிட்டியா!

நடீன்: உன் கூடவேதானே மரத்துல தொங்கிக்கிட்டு இருந்தேன்? எப்பச் சொல்ல?

வெர்னன்: அப்புறம் எப்படித் தெரிஞ்சுது அவளுக்கு?

நடீன்: விரலத் தொட்டா இல்ல? பழைய ரப்பருக்கும் புது ரப்பருக்கும் வித்தியாசம் தெரிஞ்சவ. ஆறு வயசுலயே தெரிஞ்சுக்கிட்டவ.

வெர்னன்: ஆறு வயசுலயா? என்ன உளர்ற?

நடீன்: நீ வயோமிங்குக்கு எண்ணெய்க் கிணத்து வேலைக்குப் போன கோடை. இங்க கூலர் பழுதாகி, வீடே தகிச்சுது. ஹார்வி பின்பக்கத்துத் தகரக் கூரைக்குக் கீழ நின்னான். நான் போயிப் பாக்கறப்போ மூஞ்சி உருகிச் சுவத்தோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நானும் அவளும் எலுமிச்ச மரத்தடியில குழி தோண்டிப் புதைச்சோம். அவ பாட்டெல்லாம் பாடி வழியனுப்பினா.

வெர்னன்: விளையாடாத. நான் திரும்பி வந்தப்போ ஹார்வி இருந்தானே! கதவத் திறந்ததும் அவனத்தானே முதல்ல கட்டிப் பிடிச்சேன்?

நடீன்: ஆமா. கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "பாத்தியா என் கை வேலைய, அரிசோனா வெயிலே இவன்கிட்டத் தோத்துப் போச்சு"ன்னு சொன்ன. அப்படி ஒரு சந்தோஷத்துல நிக்கிற ஆள்கிட்ட என்னத்தச் சொல்ல?

வெர்னன்: அப்ப அவன… நீயா?

நடீன்: நான்தான். கெல்சி களிமண் பிசைஞ்சு குடுத்தா.

வெர்னன்: இமையோர மடிப்பு…

நடீன்: என்னுது.

வெர்னன்: உதட்டுக் குழி?

நடீன்: என்னுது. உன்னோட ஹார்விக்கு உதடே சரியா அமையல வெர்னன். எந்நேரமும் மொறைச்சுக்கிட்டே இருப்பான்.

வெர்னன்: ஒரு குளிர்காலம் பூரா… நின்னுக்கிட்டே சாப்பிட்டு… உன் வேலையவா நான் பாத்துப் பாத்து…

நடீன்: ஒரு மடிப்பு விடாம. நான் செஞ்சத விட ஒரு படி மேலயே. அதான் எனக்கு வாயே வரல.

வெர்னன்: பங்கு பிரிச்சப்போ அவன ஏன் எனக்கு விட்டுக் குடுத்த?

நடீன்: தனியாப் போறவனுக்கு ஒரு துணை வேணாமா?

வெர்னன்: …இரு. இரு இரு இரு. நான் வயோமிங்லேர்ந்து வந்த வருஷம்தானே, ஊர்ப் பொருட்காட்சிப் போட்டியில ஹார்விக்கு முதல் பரிசு குடுத்தாங்க? என்னை மேடையேத்தி, நீல ரிப்பன் குத்தி விட்டு, "இந்தக் கைதான்"னு தூக்கிப் பிடிச்சாங்களே! நீ முன் வரிசைல நின்னு, விசிலடிச்சு, உள்ளங்கை செவக்கச் செவக்கத் தட்டினியே நடீன்!

நடீன்: தட்டினேன். எனக்கே தட்டிக்கிட்டேன்.